யார் கை காட்டினாலும்

எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும். மேலக்காவுக்கு மட்டும் காலுக்குக் கீழேதான் வேலை. கட்டடம் எழும்பும் இடத்தில், எல்லாவற்றுக்கும் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவள் அவள். கீழே மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்று, எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று சைகை காட்டுபவர் அவள் கணவர். சைட்டில் அவருக்கு சிக்னல் மாமா என்று பெயர். வேலையில் அவர் கை காட்டினால் அவள் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனால் கதை அப்படியே தலைகீழ். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த சைட்டில் கிடையாது. முதலில் சிரிப்பவரும் மாமாதான்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், கிரேன் சும்மா நின்ற நேரத்தில், மாமாவுக்குக் கொழுப்பு கூடிவிட்டது. மேலே பார்த்தபடி, தெரிந்த சைகைகளையெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினார், அது தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினார், அது இறக்கு. ஒரு கையை நீட்டி இடுப்போடு திரும்பினார், அது திருப்பு. கடைசியில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வீசு வீசென்று வீசினார். அது அவசர நிறுத்தம். மேலிருந்து பார்க்க, ஒரு மஞ்சள் பொத்தானுக்குக் கை கால் முளைத்து ஆடுவது போல இருந்தது. மேலக்கா வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே அதைப் போனில் பிடித்து, கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அனுப்பினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

மகள் சும்மா இருப்பாளா? ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்து, 'எங்க அப்பாவோட கிரேன் ஆட்டம்' என்று பெயர் வைத்து உலகத்துக்கே போட்டுவிட்டாள். மறுநாள் காலை பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க ஓடிவந்தாள்.

“அம்மா, லட்சத்தைத் தாண்டிடுச்சும்மா.”

“எதுடி?”

“அப்பாதான்.”

அந்த வாரம் அந்த வீட்டில் யார் காலும் தரையில் படவில்லை. மேலக்காவுக்கு வேலையே அப்படி. இப்போது மற்ற இருவருக்கும் அதே கதி. கல்லூரி வராந்தாவில் பிள்ளைகள் கிரேன் ஆட்டம் ஆடினார்கள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுகள் வரிசையாக நின்று ஆடினார்கள். ஓர் அலுவலகத்தில் மேனேஜரையே நடுவில் நிறுத்தி ஆடினார்கள். அந்த மனிதர் கடைசிக் கைவீச்சில் டீ கிளாஸைத் தட்டிவிட்டது தனியாக ஒரு லட்சம் ஓடியது. சைட்டிலும் டீ குடித்து முடித்தால் ஆட்டம்தான். எல்லாரையும் விட நன்றாக ஆடியவர் வெல்டர். அவருக்கு இடுப்பில் எலும்பே இல்லை.

மேலக்காவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சின்னதாகச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் அவள் எல்லாரையும் பார்த்தாள், அவளை யாரும் பார்த்ததில்லை. இப்போது தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்கள். கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து அவள் அழுதே விட்டாள்.

ஆனால் அவர்கள் சும்மா கையசைக்கவில்லை. வேலிக்கு வெளியே மாணவர்கள் கூட்டமாக வந்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, முழு ஆட்டத்தையும் ஆடினார்கள். கடைசி அடி அவசர நிறுத்தம். கிரேன் தொழிலில் மற்ற சைகைகளை மாமா ஒருவர்தான் காட்டலாம். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், வழிப்போக்கனாக இருந்தாலும். அதனால் வேலியில் ஆட்டம் முடியும்போதெல்லாம் மேலக்காவின் கை தானாகவே நிறுத்தியது. பாரம் அந்தரத்தில் தொங்கும். வெளியே கைதட்டல் காதைப் பிளக்கும்.

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, கூத்தடிக்கிறவங்களுக்கெல்லாம் நிறுத்தினா இந்தக் கட்டடம் எப்ப முடியறது?”

“யார் காட்டினாலும் நிறுத்தணும் சார்.”

“நிஜமா, ஆட்டமான்னு பாத்துட்டு நிறுத்துங்க.”

சொல்வது சுலபம். மேலக்கா பார்க்கப் பழகினாள். கை விரிந்தால் முதலில் முகத்தைத் தேடுவாள். பல் தெரிந்தால் ஆட்டம் என்று பாரத்தை நகர்த்துவாள். இரண்டே நாளில் அதுவும் கைவந்துவிட்டது.

அன்றைக்குக் கம்பிக் கட்டு ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. வேலி ஓரத்தில் நல்ல கூட்டம். திருப்பு என்று கை காட்டிவிட்டு, “சிக்னல் மாமா, ஒரே ஒரு செல்ஃபி” என்று கூப்பிட்ட மாணவர்களை நோக்கி மாமா நடந்தார். பாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாத மனிதர், பாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார். கட்டு அவர் பக்கமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் தளத்தில் வெல்டர் இரண்டு கைகளையும் விரித்து வீசினார்.

ஆட்டக்காரர் ஆரம்பித்துவிட்டார் என்றுதான் மேலக்கா நினைத்தாள். முகத்தைத் தேடினாள். முகமூடி போட்டிருந்தார், பல் தெரியவில்லை. இடுப்பைப் பார்த்தாள். இடுப்பு அசையவில்லை.

நிறுத்தினாள்.

கம்பிக் கட்டைப் பிடித்திருந்த இரண்டு சங்கிலிகளில் ஒன்று நழுவியிருந்தது; மேலிருந்த அவளுக்கு அது தெரியாது. கட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரே ஒரு கம்பி மட்டும் உருவிக்கொண்டு போய் மாமாவின் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏணியில் எப்படி இறங்கினாள் என்பது இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இல்லை. கீழே வந்து அவரைத் திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. “பாத்துக்கிட்டு நின்னுட்டேங்க” என்று மட்டும் சொன்னாள். “முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

வேலியில் நின்ற ஒருத்தி எடுத்த வீடியோ, அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் மகளின் போனில் இருந்தது. மகள் கெட்ட பெண் இல்லை. அப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள். அழுது முடித்த பிறகு கண் போனுக்குப் போனது. இத்தனை நாளாக உடம்பில் ஊறிய போதை ஓர் அழுகையில் இறங்கிவிடுமா?

“அப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே,” என்றாள். “இதைப் போட்டா பழசெல்லாம் தூசும்மா. பாட்டுகூட வேண்டாம்.”

கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. மேலக்கா எழுந்து மகளுக்கு நேராக வந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வீசினாள். முகத்தில் பல் தெரியவில்லை. இடுப்பு அசையவில்லை.

மகளின் விரல் நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள், கதவோரம் இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“கம்பி எவ்ளோ பக்கத்துலப்பா விழுந்துச்சு?”

மாமா தரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“நான் இங்க நின்னேன்,” என்றார். “அது நீ நிக்கிற இடத்துல.”

மகள் மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.