சொல்லிட்டா என்ன பண்றது?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், நிதி விழிப்புணர்வு முகாம்களில் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கூட்டம் தூங்கிவிடாமலிருக்க ஒரு கதை வைத்திருந்தேன். நன்றாகப் படித்த ஒருவர், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன திருடனிடம் ஓடிபி எண்ணை ஒப்பித்த கதை. இருவர் குரலிலும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவேன். எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மதிய இடைவேளையில் அதைச் சொன்னேன். கோப்பைகள் காயவைத்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்து நான் பேனரைச் சுருட்டும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் களிமண் காய்ந்து வெளுத்திருந்தது.

"சார், தெரியாம நம்பரச் சொல்லிட்டா என்ன பண்றதுங்க?"

"சொல்லவே கூடாதுன்னுதானேம்மா இவ்வளவு நேரமா சொன்னேன்?" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். அடுத்த முகாம் பெண்ணாடத்தில். வண்டி காத்திருந்தது.

"சரிங்க சார்" என்று அவர் திரும்பிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, துண்டுப் பிரசுரங்கள் வாங்க வங்கிக்குப் போனேன். அதே பெண் பாஸ்புக்கைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளை நர்சிங் சேர்க்கச் சீட்டு எடுத்துக் கணக்கில் போட்டிருந்த பணம் முழுவதும் போயிருந்தது.

"எப்பம்மா போச்சு?"

"நீங்க வந்தீங்களே, அன்னிக்குக் காலையிலதாங்க. கேக்கலாம்னுதான் வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்ல வாய் வரல."

அன்று மதியமே புகார் கொடுத்திருந்தால் பணத்தை முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்கான உதவி எண் என் கையிலிருந்த பிரசுரத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது.

அன்றே அவரை அழைத்துப் போய் சைபர் கிரைம் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். பல கணக்குகளுக்கு மாற்றி எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்றார்கள். வெளியே வந்ததும், "வூட்ல இன்னும் சொல்லல சார். தனியாச் சொல்ல பயமா இருக்குது. நீங்களும் வரீங்களா?" என்றார்.

போனேன். அவர் கணவர் லாரியில் லோடு ஏற்றுகிறவர். முழுதும் கேட்டார். பிறகு என்னிடம், "கூட்டத்துல இதெல்லாம் சொல்லமாட்டீங்களா சார்?" என்றார்.

"நம்பரைச் சொல்லக்கூடாதுன்னு மட்டும் சொன்னேன். உங்க சம்சாரம் வந்து கேட்டாங்க. நான்தான் நின்னு பதில் சொல்லாம போயிட்டேன்."

மகள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்த வருடம் அவள் நர்சிங் சேரவில்லை. ஜவுளிக் கடையில் வேலைக்குப் போகிறாள்.

அந்தக் கதையை நான் இப்போது சொல்வதில்லை. முகாமில் முதலில் உதவி எண்ணைச் சொல்கிறேன். ஏமாந்தவர்கள் உடனே பேசவேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறேன். பேசி முடித்தபின் அரை மணி நேரம் நாற்காலி போட்டுத் தனியாக உட்காருகிறேன். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. போன மாதம் கம்மாபுரத்தில் ஒரு விவசாயி வந்தார். உட்காருங்கள் என்று நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதை நின்றபடியே கடைசிவரை கேட்டேன்.