இரண்டு தட்டு என்றால் ‘உள்ளேன்’

என் நாத்தனாரை எங்கள் தெருவில் ‘டொக்டொக் டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பால்காரருக்கே தெரியாது. என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில், ‘நாத்தனாரோடு ஒரே வீடா’ என்று என் பக்கத்து ஆட்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சண்டை போட அந்த மனுஷிக்குத் தெம்பு இருந்தால்தானே! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து, “அம்மாடி, ஒரு வாய் தண்ணி கொடேன்” என்பார். நான் கொண்டு வருவதற்குள் கண் செருகியிருக்கும்.

அவர் வேலை பார்த்தது ரயில் பாதை ஓரத்தில், பழைய சரக்குக் கிடங்கைத் தடுத்துக் கட்டிய இரண்டு அறைப் பள்ளிக்கூடம். மரப்பலகைத் தரை. நடந்தால் கிரீச்சென்று கத்தும், மழை பெய்தால் ஊறி நாறும். மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். கூட இருந்த வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு ஐந்து வகுப்புக்கும் அண்ணி ஒருத்திதான். ‘ஆள் போடுறோம், போடுறோம்’ என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லியே அவருடைய காலி நாற்காலியின் பிரம்பு அறுந்து போனது. ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் அரிச்சுவடி என்று நாளெல்லாம் கத்தி அண்ணியின் தொண்டையும் அறுந்தது.

எதிர் வரிசையில் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிக் கடை வைத்திருந்தவள் ஒருநாள் தன் மகளை அங்கே கொண்டுபோய் விட்டாள். பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை, பேச்சும் வராது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி தலைநகரில் இருக்கிறது, விடுதியில் விடு என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். “ராத்திரி பயந்துபோய் எழுந்தா அங்க யாரு பாப்பா? நான் விடமாட்டேன்” என்று நின்றுவிட்டாள். அண்ணி மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டார். “உங்களுக்கு இருக்கிற பாரம் போதாதா?” என்று நான்தான் சத்தம் போட்டேன். “ஆனை மேல கொசு உக்காந்தா ஆனைக்கு என்னடி?” என்றார். ஆனை அன்றைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போனது.

மற்றப் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டால் “உள்ளேன் டீச்சர்” என்பார்கள். இவள் என்ன சொல்வாள்? அண்ணி குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தரை அதிர்ந்து அந்தப் பெண் திரும்பியது. விரலை நீட்டி, “நீ” என்று காட்டி, மேசையை இரண்டு முறை தட்டிக் காட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தினமும் தன் முறை வந்ததும் மேசை உடைகிற மாதிரி டொக், டொக்! பிள்ளைகள் அவளுக்கு ‘இடி’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் மற்றவர்களுக்குப் பொறாமை வந்து, நாங்களும் தட்டுவோம் என்று அடம். கடைசியில் வகுப்பே தட்டியது. ஒரு தட்டு என்றால் ‘புரியல’, இரண்டு தட்டு என்றால் ‘உள்ளேன்’, மூன்று என்றால் ‘வெளியே போகணும்’. சைகை மொழி அண்ணிக்கு அரைகுறைதான், போனில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனாலும் இரண்டு வருஷத்தில் இடி தன் பெயரை எழுதினாள், கூட்டல் போட்டாள்.

எங்கள் வீட்டில் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை என் கணவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். “அவ கேட்டுட்டாடா தம்பி. கேக்காதவங்க ஆபீஸ்ல இருக்காங்க” என்று அண்ணி முறைத்தார்.

அப்புறம் வந்தது சீர்திருத்தம். ‘எல்லோருக்கும் சமமான கல்வி’ என்று பெரிய பேனர் கட்டி, ஏசி மண்டபத்தில் டீச்சர்களுக்குப் பயிற்சி. எங்கிருந்தோ வந்த நிபுணர் திரையில் படம் போட்டுக் காட்டினாராம். ஒரு நாட்டில் பிள்ளைகள் படகில் துடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள், இன்னொரு நாட்டில் கூடாரத்தில் படிக்கிறார்கள், ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடக் கூடாது என்று உலகமே முடிவு செய்திருக்கிறது என்றாராம். “நல்ல விஷயம்தானே அண்ணி?” என்றேன். “நல்ல விஷயந்தான். அந்த ஏசில நல்லா தூங்கினேன்” என்றார்.

அந்தப் பயிற்சியின் கடைசியில்தான் சின்னப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு ‘இணைக்கப்போகிறோம்’ என்று சொன்னார்கள். மூடுகிறோம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கிடங்குக்குப் பூட்டுப் போட்டார்கள், அதற்குப் பெயர் இணைப்பு! சீருடை தைத்துப் பிழைக்கிறவள் நான். பழைய நிறத்தில் வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் வீணாய்ப் போன வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளைகள் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று மாடிப் பள்ளிக்குப் போனார்கள். அண்ணியைப் பஸ் கடைசியாகப் போய் நிற்கிற ஊருக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால் பெரிய பள்ளித் தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்து, இடியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாவையும் அடுத்த வாரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

இடி தினமும் தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு போனாள், வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்க்கடையிலிருந்து அடி விழுகிற சத்தம். ஓடினோம். இஸ்திரிக்காரி மகளைச் சுவரோடு நிறுத்தி முதுகில் அறைந்துகொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே, பாவி!” என்று நான் கையைப் பிடித்தேன்.

“விடுங்கக்கா! லீவு நாளுன்னுகூடப் பாக்காம போன்ல கூப்பிட்டு சொல்றாங்க, உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வரல, பேரை எடுத்துட்டோம்னு. நான் நெருப்புல வேகறேன், இவ பையை மாட்டிட்டு ஊர் சுத்தியிருக்கா!”

பிள்ளை அழவில்லை. எதற்கு அடி என்று அதற்குத் தெரியாதே. சுவரில் கையை வைத்து டொக், டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அடிக்க அடிக்க, இரண்டு இரண்டாகத் தட்டியது.

அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அடிக்காத. அவ ‘உள்ளேன்’ங்கறா” என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அண்ணி கிளம்பினார். நானும் போனேன், இஸ்திரிக்காரியும் மகளும் கூட வந்தார்கள். வகுப்பில் நுழைந்தால் சந்தை மாதிரி இரைச்சல். மூன்று பள்ளிகளின் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்திருந்தார்கள். வாத்தியார் சின்ன வயசுக்காரர், கண்ணுக்குக் கீழே கருவளையம். குனிந்த தலை நிமிராமல் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். பெயர்கூட இல்லை, எண்தான். அவர் எண்ணைச் சொல்ல, பிள்ளைகள் கத்த, அவர் டிக் அடித்தார். சத்தம் வராத எண்ணுக்கு ஒரு சுழி. எங்களுக்குப் புரிந்துபோனது. இந்தப் பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது விரலை நீட்டுவார்கள் என்று தினமும் காத்திருந்திருக்கிறது.

“இவளைத் தெரியுமா சார்?” என்று அண்ணி கேட்டார்.

அவர் உற்றுப் பார்த்தார். “கடைசி பெஞ்சுல... அமைதியா இருக்கும். நல்ல பொண்ணு.” அப்புறம்தான் விஷயம் உறைத்தது. முகம் செத்துப்போனது. “இவளா பேரை எடுத்த அந்த நம்பர்? ஐயோ, ஏன் யாருமே சொல்லல?”

“நம்பரைத்தானே சார் கூப்பிட்டீங்க. அது இடின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றது பழைய பள்ளிப் பிள்ளை ஒன்று.

நான் அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். “அவரைத் திட்டாதடி. நான் கண்ணாடில பாக்கற மூஞ்சிதான் அது” என்றார் மெதுவாக.

எடுத்த பெயரைத் திரும்ப ஏற்ற மேலே எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் பதிவு திறக்க மாதக்கணக்காகும் என்றார்கள். அந்த வாத்தியார் பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் அவள் பெயரைக் கையால் எழுதினார். பிறகு, அண்ணி காட்டிய மாதிரி விரலை நீட்டினார். இடி பெஞ்சைத் தட்டினாள். அந்த வரிசையே அதிர்ந்தது.

வெளியே வரும்போது அண்ணி நின்று, “மத்த சுழியெல்லாம் யாரு சார்? வராதவங்களா, இல்ல உள்ளேயே இருக்கிறவங்களா?” என்று கேட்டார். அவர் பட்டியலைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் இஸ்திரிக்காரி எங்கள் வீட்டுக்கு மகளைப் பையும் கையுமாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் சரிந்திருந்த அண்ணியின் காலடியில் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்காமல் கேட்டாள்:

“டீச்சர், ‘தெரியாம அடிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ’ன்னு சொல்ல எத்தனை தட்டு?”

அண்ணி கண்ணைத் திறந்தார்.

“அதுக்கு நாங்க தட்டு வைக்கலையேம்மா” என்றார்.

அவள் யோசித்துவிட்டு, சூடுபட்டுக் காய்த்துப்போன கையால் மகள் காலுக்குப் பக்கத்தில் தரையில் இரண்டு தட்டு தட்டினாள். இடி திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். பதிலுக்குத் தட்டவில்லை. பையைத் திறந்து, நாளைக்கு வேண்டிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.