சனியை நேருக்கு நேர் பார்க்கலாமா?

ரோட்டோரம் நின்றுகொண்டு, "வாங்க வாங்க... சனியைப் பார்க்கலாம் வாங்க!" என்று நீங்கள் எப்போதாவது கூவியிருக்கிறீர்களா?

நான் கூவினேன். பொங்கல் கழிந்த வாரம், எங்கள் ஊர் சிலமலையில், டீக்கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில்.

என்ன ஆகும்? சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, ரோட்டின் அந்தப் பக்கமாக வண்டியை உருட்டிக்கொண்டு போய், என்னைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டார். பால் வாங்க வந்த அம்மா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு முந்தானையால் அவன் முகத்தை மூடினார். டீக்கடை அண்ணன் மட்டும்தான் நேராகவே சொன்னார்.

"தம்பி, நல்லா யாவாரம் ஓடுற நேரம். சனிய நீ கூப்பிடு, வேணாங்கல... கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நின்னு கூப்பிடு."

தப்பு அவர்கள் மேல் இல்லை. என் மேல்தான்.

விஷயம் இதுதான். வானத்தைச் சாதாரண மக்களுக்குக் காட்டுவதையே சோலியாக எடுத்துக்கொண்ட தன்னார்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு வாரம், எல்லா நாட்டிலும், அவரவர் தெருவில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். காசு கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. நானும் ஆன்லைனில் சேர்ந்தேன். ஒரு சின்ன டெலஸ்கோப் இரவலாகப் பார்சலில் வந்தது. பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? கென்யாவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பெருவில் பேக்கரி நடத்துகிற ஒருவர். பிலிப்பைன்ஸில் ஒரு நர்ஸ். எல்லோருக்கும் இங்கிலீஷ் என்னைப் போலவே தடுக்கி விழுந்துதான் வந்தது. அதனாலேயே அவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு யோசனை – சனிக் கிரகத்தைக் காட்டுங்கள். அதற்கு விளக்கமே தேவையில்லை. பார்த்தவர் தன் பாஷையில் 'ஆ' என்பார். அவ்வளவுதான்.

சனிக்குத் தனிக் கோயில் இருக்கிற ஊர்ப்பக்கம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? குச்சனூர் எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். ஆடிச் சனிக்கிழமைகளில் அம்மாவோடு போய், சந்நிதிக்கு எதிரே நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிட்டவன் நான். அவர் பார்வை நேராக நம் மேல் விழக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஊரில் நின்றுகொண்டு, 'சனியைப் பார்க்கலாம் வாங்க' என்று கூவியிருக்கிறேன்!

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று என்னைச் சொல்வார்கள். படிக்கப் படிக்க முதலில் மறப்பது எதை என்று இப்போது தெரிகிறது – சொந்த வீட்டை.

சரி, இன்னொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். என் மாமா. அம்மாவின் அண்ணன். ஜீப் டிரைவர். விடியும் முன்பே ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறுவார். ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். பொழுது சாய, அதே பெண்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவார். காய் எடுக்கப் போகிற அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி.

மாமாவுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்று கண் முகாமில் டாக்டர் சொல்லிவிட்டார். மாமா மீன ராசி. ஏழரைச் சனி நடக்கிறது.

"ஏழரை ஓடுறப்ப கண்ணுல கத்தி வைக்கச் சொல்றியா மாப்ளே? முடியட்டும், பாத்துக்கிருவோம்."

ஏழரை முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை? "லேசான மங்கலு. வேறொண்ணுமில்ல. இன்னொரு கண்ணு கழுகுக் கண்ணுடா" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் ஜீப் வந்து டீக்கடை முன்னால் நின்றது. பின்பக்கத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கியது பஞ்சவர்ணம் அக்கா. அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. தோட்டத்தில் மழை வந்தால்கூட அவர் பேசி முடிக்கும்வரை தள்ளி நிற்கும் என்பார்கள்.

"என்ன அப்பு இது, பீரங்கி? யாரைச் சுடப் போற?"

"டெலஸ்கோப் அக்கா. சனிக் கிரகம் தெரியுது. பாக்குறீகளா?"

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"வெளையாடுறியாடா? மாமாவுக்கு நேரம் சரியில்லன்னு தெரியுமில்ல? கழட்டி வீட்டுக்குக் கொண்டா அதை."

கழற்றுவதற்காகக் குழாயின் மேல் கை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த வகைக் குழாயில், கண் வைத்துப் பார்க்கிற துவாரம் பின்பக்கம் இருக்காது. பக்கவாட்டில் இருக்கும்!

"அக்கா, இங்க பாருங்க. குழாய்தான் அவரைப் பாத்து நிக்குது. நீங்க பாக்க வேண்டியது இந்தச் சைடுல. உள்ள ஒரு கண்ணாடி இருக்கு, அது அவரை இப்படித் திருப்பிக் காட்டும். நீங்க ஒதுங்கி நின்னுதான் பாக்கப் போறீக."

இந்தக் குழாயை வடிவமைத்தவருக்குக் குச்சனூர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மனுஷர் எங்களுக்காகவே செய்துவைத்த மாதிரிதான் இருந்தது.

பஞ்சவர்ணம் அக்கா குழாயை முன்னும் பின்னும் பார்த்தார். "ஒதுங்கி நின்னா குத்தமில்லைல்ல?" என்று பொதுவாகக் கேட்டார். செருப்பைக் கழற்றினார். பக்கவாட்டில் நின்றார். குனிந்தார்.

சத்தமே இல்லை.

"ஏக்கா, என்ன தெரியுது?" என்று பின்னாலிருந்து கேட்கிறார்கள். பதில் இல்லை. பஞ்சவர்ணம் அக்காவிடமிருந்து பதில் இல்லை!

அப்புறம் மெதுவாக, "எலுமிச்சம்பழத்துல குண்டூசி குத்துனாப்பல இருக்குடி... அந்தரத்துல நிக்குதுடி ஆத்தா..."

இந்தச் சமயத்தில் சனியின் வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பியிருக்கிறது. அதனால் வட்டமாகத் தெரியாது. மெல்லிய கோடாகத்தான் தெரியும். பழமும் ஊசியும் சரியான உவமைதான்.

அப்புறம் வரிசை நின்றது. செருப்புகள் ஒரு ஓரமாகச் சேர்ந்தன. காய் எடுத்துக் கறுத்த விரல்கள் குழாயைத் தொடாமல், காற்றிலேயே பிடித்துக்கொண்டு குனிந்தன. "ஆத்தீ" என்றாள் ஒருத்தி. "படம் எதுவும் ஒட்டி வச்சிருக்கியாடா?" என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள் இன்னொருத்தி. என் அம்மா பார்த்தாள். பேசாமல் போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றுகொண்டாள்.

என் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் படங்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ் தன் தெருவில் காட்டி முடித்துவிட்டார். கென்யா டீச்சர் இன்னும் சூரியன் மறையக் காத்திருக்கிறார். பெருவில் அப்போதுதான் காலை. பேக்கரியில் ரொட்டி வேகிறது. எல்லாவற்றையும் பஞ்சவர்ணம் அக்காவிடம் காட்டினேன்.

"அப்ப, அவுக பாத்துட்டு நமக்கு அனுப்புனாக. நாம பாத்துட்டு அடுத்த ஊருக்கு அனுப்புறோம். அப்பிடித்தான?"

அப்படித்தான். எனக்கே அதுவரை அப்படித் தோன்றியதில்லை. சாயங்காலம் என்பது பூமியைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. அது போகிற ஊரிலெல்லாம் யாரோ ஒருவர் குழாயை நிறுத்துகிறார். யாரோ ஒருவர் ஒரு கண்ணை மூடிக் குனிகிறார். அந்த நீண்ட வரிசையில் எங்கள் சிலமலைக்கும் இடம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடம்.

"எம்புட்டுத் தூரத்துல இருக்காக?" – அம்மா கேட்டாள். சனிக்கு மரியாதை குறையவே இல்லை.

"அங்கயிருந்து வெளிச்சம் வரவே ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல ஆகும்மா. நீங்க தோட்டத்துல வண்டி ஏறுனப்ப அங்கிட்டுக் கெளம்புன வெளிச்சம். இப்பத்தான் வந்து சேருது."

அம்மா இருட்டில் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான், மேட்டுக்கு மேலே, வெறும் கண்ணுக்கு ஒரு சின்ன மஞ்சள் புள்ளியாக நின்றது சனி. "நம்ம கூடயே எறங்கி வந்திருக்காகளா..." என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"வழியில டீ குடிக்க நிறுத்தாம வந்திருக்காக. நம்ம டிரைவரண்ணன் மாதிரியா?" – அக்காவுக்கு வாய் திரும்பிவிட்டது.

மாமா ஜீப்பில் சாய்ந்து, டெலஸ்கோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, பொம்பளைக நாங்களே பாத்துட்டோம். மலை ஏறுற ஆளு, ஒரு குண்டூசிக்குப் பயந்தா எப்பிடி?"

"யாருக்குப் பயம்? வெரசா வீட்டுக்குப் போங்க, அடுப்புப் பத்தவைக்க வேணாமா..." என்று முணுமுணுத்தபடி மாமா வந்தார். பக்கவாட்டில் நின்றார். குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"மேகம் மூடிருச்சு மாப்ளே."

அண்ணாந்து பார்த்தேன். விளக்கித் துடைத்த மாதிரி வானம். பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. ஒருவேளை நகர்ந்துவிட்டதோ? பூமி சுற்றுகிறது இல்லையா, குழாயை அடிக்கடித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண் வைத்துப் பார்த்தேன். சனி நடுவில் இருந்தது.

"இருக்கே மாமா. மறுபடி பாருங்க."

குனிந்தார். "ஒரே பொகையா இருக்குடா. வெள்ளையா."

சிரிப்பு நின்றது. பஞ்சவர்ணம் அக்கா பக்கத்தில் வந்தார்.

"எந்தக் கண்ணுல பாத்தீக அண்ணே?"

"...வலது."

"எதுக்க லாரி வந்தா, அந்த லைட்டு அந்தக் கண்ணுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா தோள்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேக்குறமில்ல?"

"பூப்பூவா விரியும். செத்த நேரத்துக்கு ரோடு இருக்காது" என்றார் மாமா. கத்திரிக்காய் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

ரோடு இருக்காது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். தினமும் விடியாத இருட்டில் ஏற்றம். உள்ளே இத்தனை பேர், என் அம்மா. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வெளிச்சம் வருகிற கதையை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வருகிற லாரி வெளிச்சத்தைப் பற்றி மாமாவிடம் ஒருநாள் கேட்டிருப்பேனா?

அம்மா வரிசையிலிருந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். திட்டவில்லை.

"எடது கண்ணால பாருண்ணே."

மாமா தோள்துண்டால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. நாங்கள் காத்திருந்தோம். அது நகர்ந்து விளிம்புக்குப் போனதும், "மாப்ளே, போகுதுடா... பிடி" என்றார். திருப்பி வைத்தேன். மறுபடியும் பார்த்தார்.

"என்னண்ணே?" – அம்மா.

"எம்மேல கோவமா இருக்குற மாதிரித் தெரியலையேம்மா" என்றார் மாமா. அப்புறம், இன்னும் மெதுவாக, "அது பாட்டுக்கு அது இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் தேறியது பஞ்சவர்ணம் அக்காதான். "சரி, நாளைக்கு வண்டி?"

"நாந்தான் எடுப்பேன். வேற யாரு?"

"அப்ப நான் ஏறலைண்ணே" என்றாள் அம்மா.

அண்ணன் பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஏறாவிட்டால் நாள் கூலி போகும். அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும், "நானும் ஏறல" என்றாள் ஒருத்தி. "நானும்தான்." இன்னொருத்தி பேசாமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் வந்து நின்றாள்.

"லோடு இல்லாம வண்டிய நான் எங்க கொண்டு போக?" – மாமா குரல் இறங்கிவிட்டது.

"வண்டிய எங்கயும் கொண்டு போகாதீக" என்றார் அக்கா. "பஸ்சு ஏறி ஆசுபத்திரிக்குப் போங்க. நீங்க வர்ற வரைக்கும் வேற டிரைவரைப் போட்டு நாங்க ஓட்டிக்கிறோம். டிரைவர் சீட்டு உங்களுதுதான்."

மாமா அண்ணாந்து, குழாய் இல்லாமலே, மலைக்கு மேலிருந்த மஞ்சள் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஜீப் சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

குச்சனூருக்குப் போய் ஒதுங்கி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அந்த மாதக் கடைசியில் ஆன்லைன் கூட்டம். இந்தக் கதையை என் தடுக்கி விழுகிற இங்கிலீஷில் சொன்னேன். 'மூடநம்பிக்கை போய்விட்டதா?' என்று யாராவது கேட்பார்கள் என்று பதிலோடு தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. கென்யா டீச்சர் மட்டும் மைக்கை ஆன் செய்து, "இப்போது அவர் கண் எப்படி இருக்கிறது?" என்றார். வானத்தைக் காட்டுகிறவர்கள் மனிதர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் அனுமதி கொடுத்து, போன திங்கட்கிழமை மாமா மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கேட்டேன்: "எப்படி மாமா இருக்கு?"

"ஏழரை இன்னும் முடியல மாப்ளே... ஆனா வளைவெல்லாம் தெரியுது!"