ஒட்டி வந்த பொங்கல் வாழ்த்து

எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பத் தனித் துணிச்சல் வேண்டும். கடம்பத்தூரில் எங்கள் வாசலுக்கு வரும் அட்டை யார் பெயருக்கு வந்தாலும், அப்பா சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். 'வாழ்த்துக்கள்' என்றிருந்தால் நடுவிலிருக்கும் 'க்' என்ற எழுத்தை அடிப்பார். ஒரு வாழ்த்துக்கு மூன்று ஆச்சரியக்குறி எதற்கென்று இரண்டைச் சுழிப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. திருத்திய அட்டையை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவார். மாமா ஒரே வருஷத்தில் கும்பிடு போட்டுவிட்டார். அக்காவின் தோழிகள் அதற்கடுத்த வருஷம் நிறுத்திக்கொண்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழிக் கடைசியில், அக்கா பெயருக்கு ஓர் அட்டை வந்தது. வாழ்த்து என்றால் உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, குறைந்த தபால்தலையில் அனுப்புவதுதான் அப்போது வழக்கம். இது முழுத் தபால்தலையோடு ஒட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அப்பா கிழித்துப் பார்த்தார். கரும்புப் படத்துக்குக் கீழே கோணல் கையெழுத்தில், 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்.' முற்றுப்புள்ளி உட்பட எல்லாம் சரி. பென்சிலுக்கு வேலையே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"தப்பில்லாம எழுதிக்கிறான்னா, நம்ம ஊட்டப் பத்தி நல்லாத் தெரிஞ்சவன்தான்," என்றார் அம்மாவிடம்.

அன்றிலிருந்து தெருவில் போகிற இளவட்டமெல்லாம் அவர் கண்ணுக்குத் திருடன்தான். வேலைக்குப் போகும் ரயிலில் கூட வருகிறவர்களிடம் பேச்சுவாக்கில் நாலு வரி எழுத வாங்கிக் கையெழுத்தை ஒப்பிட்டார். அக்கா ரயிலேறித் திருவள்ளூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்கிவிட்டது. ஆள் யாரென்று சொல்லும்வரை வாசலைத் தாண்டக்கூடாது என்றார் அப்பா. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அக்கா வாயே திறக்கவில்லை.

எனக்கு ஆள் யாரென்று தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து இடது கையால் அக்கா தன் பெயரையே எழுதியதையும், சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டியதையும் பார்த்தவள் நான். அப்பாவிடம் சொல்லி அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று ஓடினேன். அக்கா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொன்னினா உன்னாண்ட பேசவே மாட்டேன். எவனோ ஒருத்தன் அனுப்பினான்னே இருக்கட்டும்."

பரீட்சை போயிற்று. சித்திரையில் அக்காவைப் பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். செய்யாத தப்புக்கு இப்படியும் ஒருத்தி வாய்மூடி நிற்பாளா, சரியான பைத்தியம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தனக்கு வாழ்த்து அனுப்ப ஒருவரும் மிச்சமில்லை என்பதை அப்பாவிடமே ஒப்புக்கொள்வது எத்தனை கஷ்டம் என்று எட்டு வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?