எண்சுழலுக்கு டைம்ஸ் நியூ ரோமன்

எங்கள் கல்லூரியில் அறிவை எடைபோடுவது பக்கக் கணக்கில்தான். விடைத்தாள் திருத்துகிறவர் விரலை நக்கித் தாளைப் புரட்டுவார்; நாலு பக்கம் நிறைந்திருந்தால் பதினாறு மார்க், இரண்டு பக்கமென்றால் எட்டு. உட்கார்ந்து படித்துப் பார்ப்பவரை மந்தம் என்பார்கள். அந்தப் பட்டம் எனக்கு உண்டு. விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, கல்லூரி வண்டியைப் பிடித்துப் போய் வருஷக்கணக்காக ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். சி என்கிற கணினி மொழியில், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப், அதற்குள் ஒரு லூப். பிள்ளைகள் தூங்கினார்கள். நடத்திய எனக்கே கொட்டாவி வந்தது.

தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. வரிசை மொழிகள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் ஒரு பெரிய எண் அட்டவணையை ஒரே பொருளாகப் பிடித்துத் திருப்பலாம், கூட்டலாம். ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. அதை விருப்பப் பாடமாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாடத்திட்டக் குழு ஒப்புக்கொண்டால் அடுத்த பருவம் எனக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொடுக்கலாம். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை லூப்தான்.

குழுவுக்குக் காட்ட எண்சுழலை எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒன்று, பக்கத்தில் இரண்டு, அதன் தலைமேல் மூன்று என்று எண்களை முறுக்குச் சுற்றுவதுபோல் வெளிப்பக்கமாகச் சுற்றி அடுக்க வேண்டும். பிறகு பகா எண் நிற்கும் இடத்தில் நட்சத்திரம், மற்ற இடங்களில் புள்ளி. இத்தனைக்கும் ஒரே வரி ப்ரோக்ராம் போதும். திரையில் அந்தக் கட்டம் வந்து விழுந்ததும் நட்சத்திரங்கள் அங்கங்கே சாய்கோடுகளாகச் சேர்ந்து நிற்கும். ஏன் அப்படி என்பது இன்னும் முழுசாக விளங்காத சங்கதி. முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரே நிபந்தனை, புள்ளியும் நட்சத்திரமும் ஒரே அகலத்தில் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் நேருக்கு நேர் நிற்காது. அதற்கென்று உள்ள எழுத்துருவில்தான் கோப்பை வைத்திருந்தேன். கூட்டத்தன்று காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பிரிண்ட் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பைண்டு போட்டு முடித்த பிரதிகளைக் கையில் வாங்கியபோது கல்லூரி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

கூட்டத்தில் பிரதியைத் திறந்தேன். எழுத்துரு மாறியிருந்தது. ஒல்லிப் புள்ளியும் தடித்த நட்சத்திரமும் இடம் பெயர்ந்து, கட்டத்தின் ஓரமெல்லாம் எலி கடித்த பாயாக இருந்தது. சாய்கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் கட்டத்தின் கீழே 'சாய்கோடுகளைக் கவனிக்கவும்' என்று நான் எழுதியிருந்தது மட்டும் அப்படியே இருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த நிபுணர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"பேட்டர்ன் சூப்பரா தெரியுதே மேடம்."

"கோடு கோடா போவுது பாருங்க சார்," என்றார் எங்கள் துறைத் தலைவர்.

"இல்லீங்க சார், பிரிண்ட் தப்பாயிடுச்சு. இதுல கோடே இல்ல. லேப்டாப்ல காட்டறேன்," என்றேன்.

"எதுக்கு மேடம்? அதான் தெரியுதே," என்றார் நிபுணர், பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இங்கே கற்பூரமே இல்லாத தட்டை மோந்துவிட்டு ஆகா என்றார்கள்.

"ஆனா ப்ரோக்ராம் ஒரே வரிதானே வருது," என்று தலைவர் இழுத்தார். "ஒரு வரிக்கு எப்படி மேடம் பதினாறு மார்க் போடறது? திருத்தறவங்களுக்குப் பேஜாரு. லூப்பு போட்டு நாலு பக்கம் வர்ற மாதிரி பண்ணிக்கினு வாங்க, பாக்கலாம்."

மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டார்கள். டீ ஆறுவதற்குள் என் பாடம் செத்தது.

சாயங்காலம் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். "உங்க காலேஜ் ஃபைலுன்னா டைம்ஸ் நியூ ரோமன் பன்னெண்டுதானேங்க மேடம்? அவசரத்துல வேற எழுத்துல குடுத்துட்டீங்க. நாந்தான் பாத்து மாத்துனேன்." எங்கள் துறையின் சட்டம் அது. புராஜெக்ட் புத்தகங்கள் அத்தனையும் அந்த எழுத்துருவில்தான் போக வேண்டும். மாற்றினாரே, மாற்றியது எப்படி வந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தாரா? அவரை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். கல்லூரியைப் பார்வையிட்டுத் தரச்சான்று கொடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் தலைவர் அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் வகுப்பு வாசலிலேயே மாட்டிவிட்டார். கீழே 'துறையின் ஆராய்ச்சி' என்று ஒரு சீட்டு. வந்தவர்கள் அதன்முன் நின்றார்கள். ஒருவர் கண்ணாடிமேல் விரலை வைத்து, இல்லாத சாய்கோட்டை மூலைக்கு மூலை இழுத்தே காட்டினார். பிறகு வகுப்புக்குள் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

"இத பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களாம்மா?"

"இல்லீங்க. வேணாம்னுட்டாங்க," என்றேன்.

"மேடம் எப்பவும் தமாஷா பேசுவாங்க சார்," என்று தலைவர் சிரித்தார். அவர்களும் சிரித்துவிட்டு, ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போனார்கள்.