கூட்டிச் சொன்ன நான்கு வயது

தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் வேலை எனக்கு. தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த மறுவருடம், புதிதாக வந்த பெரிய கிளாக்கர் என்னை அக்கறையாக விசாரிக்கத் தொடங்கினார்.

"கண்ணு நல்லாத் தெரியுதா சூசை? படி ஏறினா மூச்சு வாங்குதா?"

நலம் விசாரிப்பவர்களை நான் எப்போதுமே சந்தேகிப்பவன். அவருக்கு வேலையில்லாத மச்சான் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் சந்தேகம் தடித்தது.

நினைத்தபடியே கடிதம் வந்தது. எனக்கு ஐம்பத்தைந்து முடிந்துவிட்டதாம், மாத முடிவில் ஓய்வாம். எனக்கோ ஐம்பத்தொன்று. வேலை போனால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போகும்.

தொழிற்சங்கத் தலைவர் மாரிமுத்து கடிதத்தை வாசித்தார். "தொழில் நியாய சபைக்குப் போகலாங்க. ஆனா அங்க வயசுக்கு ஆதாரம் கேப்பாங்க. மொதல்ல பேர்ப் பதிவைப் பார்ப்போம்."

பதிவேட்டில் கிளாக்கர் திருத்திய அடையாளத்தைத் தேடினேன். இருந்ததோ முப்பத்தேழு வருடப் பழைய மை. பதினான்கு வயதில் என்னை முழுச் சம்பளம் கிடைக்கும் பெரியாளாகச் சேர்க்க அப்பா பதினெட்டு என்று சொல்லியிருந்தார். கீழே, மீசை முளைக்காத என் கையெழுத்து.

"கிளாக்கர் பாவங்க" என்றார் தலைவர். "ஒங்களைக் கவுத்தது நீங்கதான்."

பதுளை வேதக் கோயிலில் தேடி எடுத்த, பிறந்த தேதி எழுதிய ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டிய பிறகே தோட்ட நிர்வாகத்தினர் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது அந்தப் பத்திரத்தின் நகல் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. யார் வயது கேட்டாலும், எதற்கு என்று விசாரித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். முழங்கால் மட்டும் இன்னும் பழைய பதிவேட்டையே நம்புகிறது. அதைக் கிளாக்கரிடம் சொல்லவில்லை.