ஏழு மணிக்காரர்

எங்கள் தேசியப் பூங்காவின் வாசலில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் சீட்டுக் கொடுக்கும் நான். அடுத்ததில் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் ஏழு மணிக்காரர் என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பதினோரு வருடமாக யார் கூப்பிட்டு, "எத்தனை மணிக்கு வந்தா கூட்டம் இருக்காது?" என்று கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "ஏழு மணிக்கு வந்துடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க." இந்த ரகசியத்தை ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்வார்!

சாலையை அகலப்படுத்த ஆரம்பித்ததும் வந்தது வினை. பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டு, மீதிப் பாதியில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம், வருகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் என்று விட்டார்கள். போதாக்குறைக்கு, "கிளம்பும் முன் கேளுங்கள்" என்று எங்கள் எண்ணைப் பெரிய பலகையில் எழுதி வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு வாசலில் தொடங்கும் வரிசை ஆற்றுப் பாலத்தையும் தாண்டி நெடுஞ்சாலையில் போய் முட்டியது. பத்து மணிக்கு மேல் ஈ, காக்கை கிடையாது.

சாலைப் பொறியாளர் அம்மா நேரிலேயே வந்து சொல்லிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை நான் பாலத்துல நிப்பேன். அன்னைக்கும் வரிசை பாலத்தைத் தொட்டுச்சுன்னா, வேலை முடியிறவரைக்கும் பூங்காவை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

வேலை முடிய ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை வாசலில் வேலை பார்க்கும் இருபத்தாறு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"எல்லாரும் ஏன்தான் ஏழு மணிக்கே வந்து தொலைக்கிறாங்களோ!" என்று ஏழு மணிக்காரர் அலுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏண்ணே, தெரிஞ்சுதான் கேக்குறீங்களா? நீங்க சொல்லித்தானே வர்றாங்க!"

மனுஷன் அழைப்புகளைக் குறித்து வைக்கும் நோட்டைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார். "அட! அப்ப டிராஃபிக் ஜாமே நான்தானா?" என்றார். வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம்.

மறுநாள் முதல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "இங்க வந்து என்ன பார்க்கணும்?" பறவை என்றால் ஆறரை மணி. பிள்ளைகள் ஆற்றில் கால் நனைக்க வேண்டுமென்றால் பதினொன்று. "சும்மா ஒரு மரத்தடியில உக்காரணும்" என்றவருக்கு மத்தியானம் இரண்டு. ஒரு வீட்டில் கணவனுக்குப் பட்டாம்பூச்சி பார்க்க வேண்டுமாம், மனைவிக்குத் தூங்க வேண்டுமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஊரில் யாருக்கு என்ன ஆசை என்று கேட்பதில் ருசி கண்டுவிட்டார். ஒவ்வொரு மணிக்கும் நோட்டில் வண்டிக்கு ஒரு கோடு போட்டு, நாற்பது வண்டிக்கு மேல் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பொறியாளர் அம்மா விடிந்ததுமே பாலத்தில் போய் நின்றுகொண்டார். எட்டு மணிக்கு ஓர் அழைப்பு. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"என்ன பார்க்கணும்மா?"

"உங்களைத்தான்பா."

அவர் மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். இரண்டு வருடமாக முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தியை இவர் இன்னும் தூக்கியதே இல்லை. கணவனின் வேலை விஷயமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். அன்று இரவே விமானம். "இப்பவே கிளம்பினா ஒன்பதுக்கு அங்க இருப்போம்பா."

இவர் நோட்டைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு நாற்பது கோடும் நிறைந்திருந்தது.

"மூணு மணிக்கு வாம்மா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

நான் கத்தியே விட்டேன். "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்காண்ணே? பெத்த பொண்ணு! ஒரு வண்டிதானே?"

"ஒரு வண்டிதானேன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றார். அடுத்த அழைப்பை எடுத்து, "என்ன பார்க்கணும்?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மணிக்கு நாலு தரம் வரிசையை எட்டிப் பார்த்தேன். பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவைக்கூடத் தாண்டவில்லை. மூன்று மணிதான் உள்ளே விடும் கடைசி நேரம். பாலத்திலிருந்து வந்த பொறியாளர் அம்மா, "ஒரு வண்டிகூட தொடல. தொறந்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே கடைசி வண்டி வந்தது. இறங்கியவளின் மூக்கைப் பார்த்ததுமே யார் மகள் என்று தெரிந்துவிட்டது. கைக்குழந்தையோடு நேராக அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

"ஆறு மணி நேரம் ஓட்டல்ல உக்கார வச்சிட்டீங்களேப்பா! பூங்காவைப் பார்க்கவா வந்தேன்?"

"அதனாலதாம்மா மூணு மணி" என்றார் இவர். "இதுக்கு மேல போன் வராது. காலையில வந்திருந்தா என் முதுகைத்தான் பார்த்திருப்ப."

இவர் வெளியே வந்ததும் அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.